காலியான ஆட்டுக்கொட்டம்

குளிக்கும்போது பொன்னுராஜுக்கு முதுகு தேய்த்துவிட்ட ஹேமாவதியின் விரலில் அது தட்டுப்பட்டது. இடது தோள்பட்டைக்குக் கீழே, மிளகு அளவில், சாம்பல் நிறத்தில் ஒரு மரு. ஏழு வருடமாக அவள் தேய்த்துவிடும் முதுகு. நேற்றுவரை அங்கே மரு இருந்ததில்லை. நகத்தால் மெல்ல நிமிண்டினாள். மருவின் ஓரத்தில் கால்கள் அசைந்தன.

பிடுங்கிக் கல்லில் போட்டுத் தேய்த்தாள். கட்டைவிரல் அகலத்துக்கு ரத்தம். அதன் வாய் மட்டும் தோலுக்குள்ளேயே தங்கிவிட்டது.

"ஆட்டுக்காரன் ஒடம்புல உண்ணி இல்லாம பொன்னா புள்ள இருக்கும்?" என்று சிரித்தான் அவன்.

லோயர் கேம்ப்பில் வாய்க்காலைத் தாண்டி அவர்கள் வீடு. பின்சுவரை ஒட்டியே கொட்டம், முப்பது ஆடுகள். பகலெல்லாம் மலையடிவாரத்துப் புதர்களில் மேயவிட்டு வருவான்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள் பரவின. கடிபட்ட இடம் பீடி நெருப்பு வைத்தது போலக் கருத்துப்போனது. அதைப் பார்த்ததும் கிளினிக் டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். உண்ணியின் எச்சிலில் இருக்கும் ஒரு கிருமி என்றார். இந்தப் பக்கம் இப்போதுதான் மனிதர்களுக்கு வர ஆரம்பித்திருக்கிறது என்றார். ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வந்ததும் அதற்கான மாத்திரை தருவதாகவும், அதுவரை காய்ச்சல் மாத்திரை போதும் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆடுகளை அவன் தம்பி நாகராஜ் ஓட்டிக்கொண்டு போனான். காலிக் கொட்டத்தில் ஹேமாவதி மூலை விடாமல் மருந்து அடித்தாள், புழுக்கையும் மூத்திரமும் மருந்தும் கலந்த நெடி தொண்டையை அடைக்கும்வரை அடித்தாள்.

உண்ணிகள் சாகவில்லை. குடிக்க ரத்தமில்லாத கொட்டத்தை விட்டு, சுவர் வெடிப்பு வழியே வீட்டுக்குள் வந்தன. முதலில் சுவரில் ஒன்று. பிறகு தலையணைத் தையலில், அரிசிச் சல்லடையில், நான்கு வயது மகள் கயலின் பாவாடை மடிப்பில். தேடித்தேடி எடுத்து மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டாள். எடுக்க எடுக்க வந்தன. வீட்டிலேயே சூடான உடம்பைத்தான் அவை அதிகம் தேடின. பொன்னுராஜின் காது மடலுக்குப் பின்னால். அக்குளில். புருவத்துக்குள்.

அவனுக்கு நினைவு தப்பத் தொடங்கியது.

"கொட்டத்தத் தொறந்து விடு புள்ள. ஆடு கத்துது."

ஆடுகள் இங்கே இல்லை என்றாள்.

"இங்கனதான் கத்துது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

காய்ச்சல் கண்ட ஏழாம் நாள் மத்தியானம் கரண்ட் போயிருந்தது. கயல் அப்பாவின் நெஞ்சில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். ஹேமாவதி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண்.

"அக்கா, ரிப்போர்ட் வந்திருச்சு. அந்தக் கிருமிதான். மாத்திரைய இப்பவே ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொன்னாக. வந்து வாங்கிக்கிறீகளா?"

வருகிறேன் என்றபடியே அறைக்குள் போனாள். போர்வையை விலக்கி அவன் பாதத்தைத் தொட்டாள்.

சில்லென்றிருந்தது.

முழங்கால். சில்லென்று.

கழுத்து.

வரும்போது ஆதார் அட்டையையும் எடுத்து வரும்படி போனில் அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் புருவம் அசைந்தது. ஹேமாவதி குனிந்தாள். அசைந்தது புருவம் இல்லை.

ஒவ்வொன்றாக அவை வாயை விடுவித்துக்கொண்டன. காதுக்குப் பின்னாலிருந்து. அக்குளிலிருந்து. குளிர்ந்துபோன உடம்பில் இனி அவற்றுக்கு வேலை இல்லை. கழுத்து வழியே இறங்கின. நெஞ்சு முடிக்குள் ஊர்ந்தன. கயலின் கன்னத்தை நோக்கி.

பாய்ந்து மகளை வாரித் தூக்கினாள். கயல் கண் திறக்கவில்லை. பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

கீழே, அவன் நெஞ்சு முழுக்க, நூற்றுக்கணக்கான முன்னங்கால்கள் அந்தச் சூட்டை நோக்கி நீண்டிருந்தன.