நாகேஸ்வரி போடாத கருவாடு

வியாழக்கிழமை, காலை 6.20. ஆனையிறவுச் சோதனைச் சாவடியில் பொலிஸ் நாய் தன் கடமையைச் செய்ய மறுத்தது. வெள்ளை வானின் பின்கதவு திறந்ததும் மூக்கை ஒருமுறை உள்ளே நீட்டியது, இரண்டு முறை தும்மியது, பிறகு உப்பளப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டது.

உப பொலிஸ் பரிசோதகர் அடைக்கலநாதனுக்கு நாயின்மேல் பொறாமையாக இருந்தது. திரும்பிப் படுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

அவர் குருநகரில் மீன் விற்றவரின் மகன். இருபது வயதில் பொலிஸில் சேர்ந்ததற்கு நாட்டுப்பற்று, ஓய்வூதியம் என்று பல காரணங்களை நேர்முகத் தேர்வில் சொன்னார். உண்மைக் காரணம் மீன் நாற்றம். பதினெட்டு வருடம் கழித்து அது வான் பிடித்துத் தேடி வந்திருந்தது.

"சாக்கைக் குத்திப் பார் பிள்ளை" என்றார்.

கொன்ஸ்தாபிள் றஜனி கூரான கம்பியை உரச்சாக்குக்குள் செலுத்தி இழுத்தாள். கம்பியின் நுனியில் மீன் செதிலோடு பச்சை இலைத் தூளும் ஒட்டியிருந்தது. சாக்கைத் தார்ப்பாயில் கவிழ்த்தார்கள். காய்ந்த மீன் குவியலுக்குள்ளிருந்து மண்ணிற ஒட்டு ரேப் சுற்றிய மூன்று பொதிகள் உருண்டன. கேரளக் கஞ்சா. தராசில் ஆறு கிலோ இருநூறு கிராம்.

வானின் சாரதி கோகுலன் தார் வீதியிலேயே குந்திவிட்டான்.

"சேர், சத்தியமா உது என்ரை இல்லை."

"வான் ஆற்றை?"

"என்ரை."

"வான் திறப்பு?"

"என்ரை."

"ஓட்டினது?"

"நான்தான் சேர்."

"அப்ப இதுக்கு மேலை உன்னட்டைக் கேக்கச் சட்டத்துக்கு ஒண்டுமில்லை."

காலை 7.40. பொலிஸ் நிலையம். கோகுலன் நெல்லியடிக்காரன். வியாழன் தோறும் கொழும்புக்குப் பொதி ஏற்றுகிறவன். கொழும்புக்குப் போகிறேன் என்று யாழ்ப்பாணத்தில் ஒருவன் வாய்தவறிச் சொன்னால் மறுநாள் அவன் வீட்டு வாசல் படலையில் ஒன்பது பொதி கிடக்கும். கோகுலன் அதையே தொழிலாக்கிக்கொண்டான். பொதியை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. தந்தவரின் எதிரில் பொதியை அவிழ்ப்பது, கலியாண வீட்டில் சோறு போட்டவரிடம் பரிசோதனைக்கூட அறிக்கை கேட்பதற்குச் சமம்.

"சாக்கு ஆர் தந்தது?"

"பருத்தித்துறை நாகேஸ்வரி அக்கா. கொழும்பிலை இருக்கிற மகளுக்கு. வழமையா புதன் பின்னேரம் கொண்டுவந்து வானுக்குள்ளை வைச்சிட்டுப் போவா. பின்கதவு பூட்டு வேலை செய்யாது."

"வைச்சதை நீ கண்டியோ?"

"இல்லை. விடியப் பாக்கக் கிடந்தது. முதல் ரண்டு கிழமையும் அவ தரேல்லை. இந்தக் கிழமை தந்திட்டா எண்டு நினைச்சன்."

"வான் எங்கை நிக்கும்?"

"பரமலிங்கம் ஐயா வீட்டு வளவிலை. எங்கடை ஒடுங்கின ஒழுங்கைக்குள்ளை வான் வராது. பாவம், அந்த மனுசன் சும்மா விடுறார்."

சாக்கில் தைத்திருந்த அட்டையில் 'நாகேஸ்வரி - மகள் மதுரா, வெள்ளவத்தை' என்று எழுதி, ஒரு கைத்தொலைபேசி இலக்கமும் இருந்தது. அடைக்கலநாதன் அழைத்தார். மணி அடித்தது. எவரும் எடுக்கவில்லை.

"சேர், எனக்கு என்ன நடக்கும்?"

"பின்னேரம் நாலு மணிக்கு நீதவானிட்டைக் கொண்டுபோறம். ஆறு கிலோவோடை மாவட்டம் தாண்ட நிண்டவன். சொந்தப் பாவிப்புக்கு எண்டு ஒரு வக்கீலும் வாய் திறக்கேலாது, கடத்தல் எண்டுதான் வரும். நீதவான் பிணை தரேலாது. மேல் நீதிமன்றம் போகோணும். அதுக்கு எத்தினை மாசம் எண்டு என்னட்டைக் கேளாதை. வானும் பறிபோகலாம்."

"எனக்குத் தெரியாது எண்டு சொன்னால்?"

"பிடிபட்ட ஒருத்தனும் இதுவரை தெரியும் எண்டு சொன்னதில்லையடா."

வானில் இருந்த மற்றப் பொதிகளையும் அவிழ்த்தார்கள். பரமலிங்கம் கொடுத்த பெட்டியில் பனங்கட்டியும், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும். தெல்லிப்பழை ஜெபநேசன் மாஸ்ரர் கொடுத்த அரிசிமாத் தகரத்துக்குள் மாவுக்கு நடுவில் இரண்டு போத்தல் பனஞ்சாராயம். மாஸ்ரர் மதுவிலக்குச் சங்கத் தலைவர். அடைக்கலநாதன் அவரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"அது இருமலுக்கு" என்றார் மாஸ்ரர்.

"ஆருக்கு மாஸ்ரர் இருமல்?"

"மருமகனுக்கு. நாள்பட்ட இருமல்."

அடைக்கலநாதன் தொலைபேசியை வைத்துவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். காலையிலிருந்து மூன்றாம் தடவை. சாக்கை அறையை விட்டு எடுத்து ஒரு மணித்தியாலமாகியும் நாற்றம் அவருடைய மேசையைச் சுற்றியே நின்றது. யன்னலைத் திறந்தார். பயனில்லை. தாயார் திங்கட்கிழமை கட்டித் தந்த பலகாரப் பொதி ஒன்று மேசை லாச்சிக்குள் கிடந்தது. கொழும்பில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப வேண்டியது. அதிலும் இந்த மணம் ஏறிவிடுமே என்று எரிச்சல்பட்டார்.

வழக்குப் பொருளில் ஒரு பிடியை வெள்ளைத் தாளில் கொட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு கிளறினார். விரல் நீள மீன்கள். கழுவப்படவில்லை. குடல் எடுக்கப்படவில்லை. சிலதில் புழு நெளிந்தது. மீன்களுக்கிடையே நகத்தளவு வெள்ளைத் துண்டுகள்.

"என்ன சேர் உது?"

"சிப்பி. உடைச்ச சிப்பி."

"கடல் மீன்தானே. சிப்பி வந்திருக்கும்."

"முழுச் சிப்பி வரும். இடிச்ச சிப்பி கடலிலை விளையாது" என்றார். அதற்குமேல் அவருக்கும் விளங்கவில்லை. ஒரு பொலித்தீன் பையில் நிறைய அள்ளிக் கட்டச் சொன்னார்.

காலை 10.05. பருத்தித்துறை. வாடைக்காற்று ஆளைத் தள்ளியது. கரையில் வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. நாகேஸ்வரிக்கு ஐம்பத்தைந்து வயது. கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். விசயத்தைக் கேட்டு அவள் அழவில்லை. பையை வாங்கி, ஒரு மீனை எடுத்து, வயிற்றைப் பெருவிரலால் பிளந்தாள். முகம் சுருங்கியது.

"தம்பி, உங்களுக்கு எந்த ஊர்?"

"குருநகர்."

"பிறகென்ன. உதைப் பார்த்திட்டுமே என்னட்டை வந்தனீங்கள்? கஞ்சாவை நான் தந்தன் எண்டு எழுதுறதெண்டால் எழுதுங்கோ, கோட்டிலை கதைப்பம். உந்தக் கருவாட்டை நான் போட்டன் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. குடலும் எடுக்காமல், உப்பும் காட்டாமல். பதினைஞ்சு நாளாக் கடல் பொங்குது, ஒரு வள்ளமும் இறங்கேல்லை. மழை வேறை. இந்த மார்கழிக்கை எந்தச் சீவன் கருவாடு போடும்?"

"அப்ப போன கிழமையும் குடுக்கேல்லை."

"அதுக்கு முதல் கிழமையும் இல்லை." அட்டையைப் பார்த்தாள். "உது மதுராவின்ரை நம்பரும் இல்லை. என்ரை பேரைப் போட்டு உந்த ஊத்தையை அனுப்பினவனை நான் ஒருக்காப் பாக்கோணும். நானும் வாறன்."

கேட்காமலே ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

காலை 10.50. நெல்லியடி. பரமலிங்கத்தின் வளவு விசாலமானது. மாமரத்தடியில் வானின் சக்கரத் தடங்கள். பின்பக்கம் கதவு திறந்த வலைக் கூட்டிலும் வெளியிலுமாக நாற்பது முட்டைக் கோழிகள். பரமலிங்கம் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. கோயில் திருப்பணிச் சபைச் செயலாளர். பிறந்ததிலிருந்து மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர். கோழி வளர்ப்பார், முட்டை விற்பார், முட்டை தின்ன மாட்டார். இதில் ஊருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

திருநீறும் நனைந்த வேட்டியுமாக வாசலுக்கு வந்தார். நாகேஸ்வரியைக் கண்டதும் ஓரடி பின்னால் போனார்.

"வாங்கோ தம்பி. இப்பத்தான் கேள்விப்பட்டன். கோகுலன் இப்பிடிச் செய்வான் எண்டு கனவிலையும் நினைக்கேல்லை. நல்ல பெடியன் எண்டுதான் இடம் குடுத்தனான்."

"சாக்கை வைச்சவையைக் கண்டியளோ?"

"இல்லை. அந்த மணத்துக்கு நான் புதன்கிழமையிலை வான் பக்கமே போறேல்லை. நேற்றுப் பின்னேரமும் வயித்தைப் பிரட்டிச்சுது. இன்னொருக்கால் குளிச்சுப்போட்டுத்தான் பூசைக்குப் போனன்."

"போன கிழமை?"

"போன கிழமையும் அப்பிடித்தான். ஒவ்வொரு புதனும் அதேதானே. ஒரு உதவிக்காகப் பொறுத்துக்கொண்டு இருக்கிறன்."

நாகேஸ்வரி வாயைத் திறந்தாள். அடைக்கலநாதன் கையைச் சற்று உயர்த்த, மூடிக்கொண்டாள்.

"மீன் கருவாடெல்லாம் உங்களுக்குப் பழக்கமில்லை, என்ன ஐயா?"

"சிவ சிவா. இந்த வளவுக்குள்ளை மச்சம் வந்ததே இல்லை."

அடைக்கலநாதன் வளவைச் சுற்றி நடந்தார். கோழிக்கூட்டின் அருகே பாதியாக வெட்டிய பழைய வாகன ரயர் ஒன்று தீன் தொட்டியாகக் கிடந்தது. மழையில் நனையாமல் மேலே தகரம். எட்டிப் பார்த்தவர், சிறிது நேரம் அப்படியே குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது மூக்கைப் பொத்தியிருந்தார். ஆனால் கண்ணில் காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம்.

"றஜனி, அந்தப் பொலித்தீன் பையைக் கொண்டு வா."

பை சரசரத்தது. தூரத்தில் கிளறிக்கொண்டிருந்த ஒரு சிவப்புக் கோழி தலையைத் தூக்கியது. அடைக்கலநாதன் பையை அவிழ்த்து, வழக்குப் பொருளில் அரைப்பிடியை நிலத்தில் எறிந்தார். மறுகணம் நாற்பது கோழிகளும் சிறகடித்து ஓடிவந்து அவருடைய சப்பாத்தின்மேல் ஏறின.

"அடையாள அணிவகுப்பு முடிஞ்சுது" என்றார். "சாட்சி நாற்பது பேர். ஒருத்தரும் தயங்கேல்லை."

பரமலிங்கம் சிரிக்க முயன்றார். "கோழிக்கு எதைப் போட்டாலும் தின்னும் தம்பி."

"ஓம். அதுதான் உதைப் போடுறவை." தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பையின் பக்கத்தில் நீட்டினார். அதே விரல் நீள மீன். அதே வெள்ளைத் துண்டுகள். "முட்டைக் கோழிக்கு ஓடு தடிக்க இடிச்ச சிப்பி கலப்பினம். கழிவு மீனோடை சிப்பி கலந்த கோழித்தீன். கஞ்சா மணத்தை மறைக்கக் கருவாடு வேணும், வானிலை வழமையாப் போறதும் கருவாட்டுச் சாக்கு. ஆனா நீங்கள் கருவாட்டுக் கடையிலை போய் நிக்கேலுமே? நெல்லியடிச் சந்தையிலை நீங்கள் ஒரு கிலோ கருவாடு வாங்கினால் பின்னேரத்துக்குள்ளை கனடாவிலை கதைப்பினம். வீட்டிலை இருந்த தீனை அள்ளிப் போட்டிட்டியள். மீன் எண்டால் மீன்தானே எண்டு நினைச்சியள். மச்சம் தின்னுற எவனும் அந்தப் பிழையை விடான்."

"இது வெறும் ஊகம்."

"போன கிழமை மணம் வந்தது எண்டியளே. கடல் பொங்கி ரண்டு கிழமையா இந்த அக்கா சாக்கே கொண்டுவரேல்லை. கோகுலனும் சொன்னவன், அக்காவும் தனியாச் சொன்னவ. கடலைத் திரும்பியும் பாக்காத உங்களுக்கு மட்டும்தான் அது தெரியாது. ஃபோனைத் தாங்கோ."

"எதுக்கு?"

"தாங்கோ ஐயா."

றஜனி வாங்கிக் கொடுத்தாள். அடைக்கலநாதன் சாக்கு அட்டையில் இருந்த இலக்கத்தை ஒவ்வொன்றாக அழுத்தினார். காலையில் அவர் அழைத்தபோது எவரும் எடுக்காத அதே இலக்கம். இப்போது திரையில் 'திருப்பணி - கொழும்பு' என்ற பெயர் எழுந்தது. இரண்டாவது மணியில் ஒருவன் எடுத்தான்.

"ஐயா, என்ன வான் இன்னும் வவுனியாவும் தாண்டேல்லையோ? பெடியன் ஃபோன் எடுக்கிறான் இல்லை. அவன் ஏதும் மணந்து பிடிச்சிட்டானோ?"

அடைக்கலநாதன் அழைப்பைத் துண்டித்தார்.

"கோபுரத்துக்குத்தான் தம்பி" என்றார் பரமலிங்கம் மெல்ல. "திருப்பணி பாதியிலை நிக்குது. எனக்கெண்டு ஒரு சதமும் எடுக்கேல்லை. ஒருக்காத்தான் எண்டு கேட்டினம்."

"பிடிபட்டால் அந்தப் பெடியன் உள்ளுக்கை கிடப்பான் எண்டு தெரியுமோ?"

"கடவுள் காப்பாற்றுவார் எண்டு நினைச்சன்."

அடைக்கலநாதன் பொலிஸ் வாழ்க்கையில் கிணற்றில் ஊறிய பிணங்களைத் தூக்கியிருக்கிறார், குளிர்பெட்டி பழுதான பிணவறையில் நின்றிருக்கிறார். அங்கெல்லாம் அவர் ஒருபோதும் துப்பியதில்லை. இப்போது முகத்தைத் திருப்பி வேலியோரம் துப்பிவிட்டு வந்தார்.

நாகேஸ்வரி பரமலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவ்வளவு படிச்ச மனுசன்" என்றாள். "என்னட்டைக் கேட்டிருந்தால் நல்ல கருவாடு எது எண்டாவது சொல்லியிருப்பன்."

பிற்பகல் 4.10. நீதிமன்றத்தில் பரமலிங்கம் திருநீறு அழியாமல் நின்றார், பிணை கேட்க வந்த வக்கீல் சட்டத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். கோகுலனைச் சாட்சியாக வைத்துக்கொள்வதாகப் பொலிஸார் அறிக்கை கொடுத்தனர். அவன் வெளியே வந்து நீதிமன்றச் சுவரில் கைவைத்து, கொஞ்ச நேரம் சும்மா மூச்சு விட்டான்.

ஆறு நாள் கழித்து, புதன்கிழமை, காலை 9.15. நீதிமன்றக் கட்டளையோடு வானை எடுக்க வந்தான் கோகுலன். அடைக்கலநாதனின் அறை யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. மேசையில் இரண்டு ஊதுபத்தி. வழக்குப் பொருளை எப்போதோ அனுப்பியாகிவிட்டது. நாற்றம் மட்டும் இடமாற்றம் வாங்க மறுத்தது.

கையெழுத்து வாங்கி, வானின் திறப்பைக் கொடுத்த பிறகு அடைக்கலநாதன் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்குக் கொழும்புதானே?"

"ஓம் சேர்."

லாச்சியைத் திறந்து, நூல் சுற்றிய பொதியை மேசையில் வைத்தார். "தம்பிக்கு. பலகாரம். அம்மா தந்தவ."

கோகுலன் பொதியைத் தொடவில்லை.

"அவிழ்த்துக் காட்டுங்கோ சேர்."

வாசலில் நின்ற றஜனி கூரையைப் பார்த்தாள். அடைக்கலநாதன் அவனைப் பார்த்தார், பொதியைப் பார்த்தார். ஒன்பது நாளாகப் பொலிஸ் நிலையத்து லாச்சிக்குள் கிடந்த பொதி. உள்ளே என்ன இருக்கிறதென்று அவரும் பார்க்கவில்லை.

நூலை அவிழ்த்தார். முதல் தாள். இரண்டாம் தாள். வாழைச்சருகு.

முதுகால் பிளந்து, குடல் எடுத்து, அளவாக உப்புக் காட்டிய கட்டா மீன் கருவாடு. பன்னிரண்டு துண்டு.

"உது நல்ல கருவாடு சேர்" என்றான் கோகுலன், பொதியைத் திரும்பக் கட்டிக்கொண்டே. "சிப்பி இல்லை."