மூன்று பொட்டலங்களும் அம்மாவின் மூக்கும்

எங்கள் தெருவிலேயே பெயர் பெற்ற மூக்கு என் அம்மாவுடையது. பார்க்கச் சாதாரண மூக்குதான். நுனியில் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவே. ஆனால் மூன்றாம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, "கீழ் வீட்டுல வெங்காயம் தீயுது, யாராவது போய்ச் சொல்லுங்க" என்பாள். ஓடிப்போய்ப் பார்த்தால் தீய்ந்துகொண்டிருக்கும்.

அந்த மூக்குக்குத்தான் தோன் சில்வேரியோ சம்பளம் கொடுத்தார். அவர் தெருமுனையில் காபிக்கொட்டை வறுத்து விற்பவர். 'தோன்' என்பது எங்கள் ஊரில் பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் சொல். எந்தக் கொட்டையோடு எந்தக் கொட்டையை எவ்வளவு கலப்பது என்று அம்மாதான் முகர்ந்தும் குடித்தும் முடிவு செய்வாள். எங்கள் நேப்பிள்ஸ் நகரத்தில் காபி சரியில்லை என்றால் கடைக்காரர் தலைநிமிர்ந்து தெருவில் நடக்க முடியாது.

ஜனவரியில் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். பத்து நாள் படுத்த படுக்கை. காய்ச்சல் போகும்போது அம்மாவின் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ரோஜாவும் தெரியவில்லை, மீனும் தெரியவில்லை. ஒருநாள் இல்லாத புகையை இருப்பதாக நினைத்து, எங்களையெல்லாம் படிக்கட்டில் இறங்கி ஓடவைத்தாள்.

பிறகு ஒவ்வொரு வாசனையாகத் திரும்பி வந்தது. முதலில் எலுமிச்சை. அடுத்தது சோப்பு. அதற்கடுத்தது என் காலுறை.

"ரொசால்பா! அந்தக் கருமத்தைக் கழட்டி வெளிய போடு!" என்று அம்மா கத்தியபோது, அப்பா சந்தோஷம் தாங்காமல் என்னைத் தூக்கிச் சுற்றினார். அழுக்குக் காலுறைக்காக யாரும் என்னை அப்படிக் கொண்டாடியதில்லை.

காபி மட்டும் சரியாகவில்லை.

"பொடியை மோந்தா சரியாத்தான் இருக்கு. கோப்பையில ஊத்தினா ரப்பர் எரியற நாத்தம் வருது," என்பாள் அம்மா. "உங்களுக்கு வரலையா?"

"சேச்சே! அமிர்தம்!" என்பார் அப்பா. அவர் பஸ் ஓட்டுநர். காலையில் இரண்டு கோப்பை குடிக்காமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார்.

"தேவாமிர்தம்!" என்பாள் எதிர்வீட்டு ரஃபிலினா அத்தை. சொந்த அத்தை இல்லை. ஆனால் தினமும் பத்து மணிக்குச் சொந்த வீடு மாதிரி வந்து உட்கார்ந்துவிடுவாள்.

அம்மா தன் கோப்பையைத் தொட்டியில் கொட்டிவிடுவாள். கடைப் பக்கமே போவதில்லை. போனால் எல்லோரும் மூக்கை விசாரிப்பார்களே!

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தோன் சில்வேரியோவே மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தார். மேசைமேல் மூன்று பொட்டலங்களை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவற்றின்மேல் எழுதியிருந்தது.

"ஈஸ்டருக்குப் புதுக் கலவை, அசுந்தா. மூணுல எதுன்னு நீதான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"கடையில பெரிய மெஷின் இருக்கே, அதுல போட்டுப் பாருங்களேன்."

"அது பொய் சொல்லும்! அதுல மண்ணைப் போட்டாலும் நல்லாத்தான் இறங்கும். நம்ம ஜனங்க வீட்டுல எதுல போடறாங்க? இந்த மோக்காவுலதானே? அப்போ இதுல ருசி பாத்தாத்தான் சரி."

மோக்கா எங்கள் அடுப்பின்மேல் எப்போதும் உட்கார்ந்திருக்கும் அலுமினியப் பாத்திரம். அடியில் தண்ணீர், நடுவில் பொடி. தீயில் வைத்தால் காபி கடகடவென்று மேலே ஏறி வரும். அம்மாவின் கல்யாணப் பரிசு அது. எங்கள் ஊரில் யாரும் மோக்காவைச் சோப்புப் போட்டுக் கழுவமாட்டார்கள். தண்ணீரில் அலசுவதோடு சரி. சோப்புப் பட்டால் காபியின் உயிரே போய்விடும் என்பார்கள்.

மறுநாள் அம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்து நாக்கைச் சுத்தம் செய்துகொண்டு மூன்று கலவைகளையும் ருசி பார்த்தாள். அப்பாவும் அத்தையும் கூடவே குடித்தார்கள்.

"ஒண்ணு?" என்றாள் அம்மா.

"அமிர்தம்!"

"ரெண்டு?"

"தேவாமிர்தம்!"

மூன்றாவதைப் பற்றி அம்மா கேட்கவே இல்லை. மூன்று பொட்டலங்களையும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

அன்று பால்கனியில் துணி எடுக்கும்போது அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "ஞாயித்துக்கிழமை வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடப் போறேன், பஸ்குவாலே. எல்லாருக்கும் அமிர்தமா இருக்கு, எனக்கு மட்டும் மூணும் ஒரே ரப்பர். என் மூக்கு அவ்வளவுதான்."

அம்மா அந்த வேலையை எவ்வளவு நேசித்தாள் என்பது எனக்குத் தெரியும். கடையிலிருந்து வரும்போது அவள் தலைமுடிகூட மணக்கும். நான் அதில் முகம் புதைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வேன்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மாவின் மூக்கு வேலை செய்யாவிட்டால் என்ன? என் மூக்கைக் கடன் கொடுக்கிறேன்! மூன்று காபிக்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்து வைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை தோன் சில்வேரியோவுக்குத் தெரியாமல் அம்மாவின் முழங்கையைக் கிள்ளுவேன். நல்ல கலவைக்கு ஒரு கிள்ளு, மோசமானதற்கு இரண்டு.

சனிக்கிழமை அம்மா மீன் வாங்கப் போனாள். எனக்குப் பத்து வயது. அடுப்புப் பற்றவைக்க அனுமதி உண்டு; காபி குடிக்கத்தான் இல்லை.

முதலில் பொட்டலங்களை முகர்ந்தேன். ஒன்றாவது வறுத்த பாதாம் மாதிரி இருந்தது. இரண்டாவது சூடான ரொட்டி. மூன்றாவது சாக்லேட். ஆஹா, இவ்வளவு சுலபமா! கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

ஒன்றாம் நம்பரை மோக்காவில் போட்டுச் சிறு தீயில் வைத்தேன். கடகட சத்தம் வந்ததும் இறக்கி ஒரு கரண்டி வாயில் விட்டேன்.

தூ! டயர்!

இரண்டாம் நம்பரும் டயர். மூன்றாம் நம்பர், சாக்லேட் தடவிய டயர்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அம்மாவின் நோய் என்னையும் பிடித்துக்கொண்டதா? ஓடிப்போய் எலுமிச்சையை முகர்ந்தேன். எலுமிச்சைதான். சோப்பை முகர்ந்தேன். சோப்புதான். காலுறையை முகர்ந்தேன். முகர்ந்திருக்கவே வேண்டாம்.

என் மூக்குக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் இந்த டயர் எங்கிருந்து வருகிறது? அதைவிட, இதை எப்படி அமிர்தம் என்கிறார்கள்?

கோப்பையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அத்தை, இதைக் குடிச்சுப் பாருங்க."

ரஃபிலினா அத்தை வழக்கம்போல் சர்க்கரை டப்பாவை எடுத்தாள். நான் அதைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். "சர்க்கரை இல்லாம. நிஜத்தைச் சொல்லணும்."

அத்தை ஒரு வாய் குடித்தாள். முகம் அஷ்டகோணலானது. எட்டிப் பார்த்துப் படிக்கட்டில் யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

"கண்ணு, யார்கிட்டயும் சொல்லிடாதே. ரெண்டு மாசமா உங்க வீட்டுக் காபி இப்படித்தான் நாறுது."

"அப்புறம் ஏன் தேவாமிர்தம்னு சொன்னீங்க?"

"பின்ன என்னடி சொல்றது? உடம்பு முடியாம எழுந்து வந்து தன் கையால காபி போட்டுத் தர்றா. அதை நல்லால்லன்னு சொன்னா நான் மனுஷியா? நாலு கரண்டி சர்க்கரை போட்டு, எந்தச் சாமியையாவது கும்பிட்டுக்கிட்டே முழுங்கிடுவேன்."

அது உண்மைதான். எங்கள் தெருவில் ஒருவர் கொடுத்த காபியைக் குறை சொல்வதற்குப் பதில் அவரை நேராகத் திட்டிவிடலாம்; அதைக்கூட மன்னித்துவிடுவார்கள்.

"உங்க மோக்காவைக் கொண்டு வாங்க அத்தை," என்றேன்.

எங்கள் வீட்டுக்கு வந்து, அத்தையின் மோக்காவில் இரண்டாம் நம்பரைப் போட்டோம். காபி மேலே ஏறியதும் சமையலறை முழுக்கச் சூடான ரொட்டி மணம்! நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உடனே எங்கள் மோக்காவைத் திருகித் திறந்தோம். நடுவில் கசியாமல் இருக்க வைத்திருக்கும் ரப்பர் வளையம், அதாவது கேஸ்கெட், கன்னங்கரேலென்று கருகி, தொட்டதும் விரலில் ஒட்டிக்கொண்டது.

சரியாக அந்த நேரம் பார்த்து அப்பா வேலை முடிந்து உள்ளே வந்தார். எங்கள் கையில் இரண்டு துண்டாக இருந்த மோக்காவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"அது... காய்ச்சல் ரொம்ப ஏறின அன்னைக்கு," என்றார். "மோக்காவை அடுப்புல வெச்சேன். தண்ணி ஊத்த மறந்துட்டேன். உங்கம்மா என்னவோ பினாத்தினா, அவ பக்கத்துல போய் உட்காந்துட்டேன். வந்து பாக்கறப்போ செவசெவன்னு காய்ஞ்சு போயிருந்துச்சு. அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு கழுவி வெச்சேன்."

"எதைப் போட்டு?" என்றாள் அத்தை, சந்தேகமாக.

அப்பா தரையைப் பார்த்தார். "சோப்பு."

அத்தை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "கருக்கினதைக்கூட மன்னிச்சிடலாம் பஸ்குவாலே! சோப்பா!"

"அப்பா, நீ ரெண்டு மாசமா இந்தக் காபியையா குடிச்சே?" என்று கேட்டேன்.

"தினம் ரெண்டு கோப்பை. தப்பு பண்ணினவன் நான்தானே."

அப்பாவைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அவரோடு சண்டை போடவும் தோன்றியது. சண்டைதான் முதலில் வந்தது. "நீ அமிர்தம் அமிர்தம்னு சொல்லிட்டு இருக்கே. அம்மா தன் மூக்கே போச்சுன்னு வேலையை விடப் போறாப்பா!"

அப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவருக்கு இப்போதுதான் அது உறைத்தது. "எவ்வளவு பெரிய மடையன் நான்," என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரம் கழித்து முகம் மலர்ந்தது. "சரி, ஒண்ணு பண்ணலாம். இப்பவே புது கேஸ்கெட் வாங்கி மாட்டிடறேன். நாளைக்குக் காபி நல்லா இருக்கும். மூக்கு சரியாப் போச்சுன்னு அம்மா நெனைச்சுக்குவா. எல்லாருக்கும் சந்தோஷம்!"

அத்தையும் தலையாட்டினாள்.

"வேண்டாம்," என்றேன். "அம்மா மூக்கு எப்பவோ சரியாயிடுச்சு. நாமதான் அதைப் பொய்யாக்கினோம். அது அம்மாவுக்குத் தெரியணும்."

எங்கள் மோக்காவை மறுபடி திருகி மூடி, இரண்டு மோக்காவிலும் இரண்டாம் நம்பரையே புதிதாகப் போட்டு வைத்தேன்.

அம்மா மீன் பையோடு உள்ளே வந்தபோது நாங்கள் மூவரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம்.

"யாரு செத்தா?" என்றாள் அம்மா.

"யாரும் சாகலை. இதைக் குடிம்மா."

எங்கள் மோக்காவின் காபியை முதலில் கொடுத்தேன். அம்மா தண்ணீர் குடித்து, பிறகு அதை வாயில் வைத்தாள். கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். "அதே ரப்பர்தான். விடு கண்ணு, எனக்குப் பழகிப்போச்சு."

நான் அந்தக் கோப்பையை அத்தையிடம் நீட்டினேன். அத்தை குடித்தாள். தயங்கினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ரப்பர்தான் அசுந்தா," என்றாள்.

அடுத்து அப்பா. "பஸ் டயர். பின் சக்கரம்."

அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "உங்களுக்கும் தெரியுதா?"

"ரெண்டு மாசமாத் தெரியும்," என்றார் அப்பா. மோக்காவைத் திறந்து கருகிய கேஸ்கெட்டைக் காட்டி, தண்ணீரில்லாத அடுப்புக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். சோப்புக்கு வந்தபோது மட்டும் குரல் கம்மியது. அம்மா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். சோப்பு அவ்வளவு பெரிய விஷயம்.

அத்தையின் மோக்காவிலிருந்து ஊற்றிய இரண்டாவது கோப்பையை அவள் கையில் வைத்தேன். அம்மா முகர்ந்தாள். இன்னொரு தரம் முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்து மூக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ரொட்டி," என்றாள். "சூடான ரொட்டி. அடியில கொஞ்சம் தேன். ஒண்ணும் மூணும் எங்கே? கொண்டா, கொண்டா! என்ன பாத்துட்டு நிக்கறே!"

மீனைத் தொட்டியில் போட்டுவிட்டு மூன்று கலவைகளையும் அத்தையின் மோக்காவில் போட்டோம். அம்மா மேசையில் உட்கார்ந்து மாறி மாறிக் குடித்தாள். ஒன்றை ஓரமாகத் தள்ளினாள், மூன்றை முகர்ந்தாள், மறுபடி இரண்டுக்கு வந்தாள். அப்பாவும் அத்தையும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசவே கூடாது!" என்றாள் அம்மா. எழுந்துபோய்த் தொலைபேசியை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க அவளால் முடியவில்லை.

"தோன் சில்வேரியோ, ரெண்டாம் நம்பர்தான். ஆனா அதை ஒரு நிமிஷம் அதிகமா வறுத்துட்டீங்க."

நாங்கள் எல்லோரும் தொலைபேசிக்குக் காதை நீட்டினோம்.

"ஐம்பது வினாடி," என்றார் தோன் சில்வேரியோ. "ஐம்பதே வினாடிதான் அசுந்தா! வாசல்ல ஒருத்தர் பேச்சுக் கொடுத்துட்டார். யாருக்கும் தெரியாதுன்னு நெனைச்சேன். யார் உனக்குச் சொன்னது?"

அம்மா ஒரு கையால் என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"என் மூக்குதான் சொல்லிச்சு," என்றாள். "திங்கட்கிழமை காலையில ஏழு மணிக்கு வர்றேன். நான் வர்ற வரைக்கும் ஒரு கொட்டையைக்கூட வறுக்காதீங்க."