கடிகாரத்துக்குச் சொன்ன பதில்

பிராக் நகரத்தின் பழைய சதுக்கத்தில் மூடுபனி இறங்கிய ஒரு நவம்பர் பிற்பகல். பிளாஷெனா தன் மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி சுற்றுலாக்காரர்களைக் கூட்டிவந்தாள். மழை இல்லை. கூட்டம் வழிதவறாமல் இருக்கத்தான் குடை. முன்னால் குடை போகும், பின்னால் ஆட்கள் வருவார்கள். நல்ல வழிகாட்டி திரும்பிப் பார்ப்பதில்லை.

கடிகாரக் கோபுரத்தின் அடியில் சுட்ட செஸ்ட்நட் கொட்டை விற்கும் ராடோவான் அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தான்.

"என்ன பிளாஷெனா, எலும்புக்கூட்டு மாப்பிள்ளையப் பாக்க வந்தாச்சா?"

"அவனாவது நேரம் தவறாம வர்றான். நீ என்னைக்காவது கடைய நேரத்துக்குத் திறந்திருக்கியா?"

பழைய கடிகாரத்தின் பக்கவாட்டில் ஓர் எலும்புக்கூடு நிற்கிறது. ஒவ்வொரு மணிக்கும் அது கயிற்றை இழுத்துச் சின்ன மணியை அடிக்கும். கண்ணாடி பார்ப்பவன், பணப்பையைக் கட்டிக்கொண்டிருப்பவன் என்று கூட நிற்கும் பொம்மைகள் தலையைக் குறுக்கே ஆட்டும். இதைப் பார்க்கத்தான் உலகமே கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறது.

"அது சாவு," என்றாள் பிளாஷெனா, வழக்கமான குரலில். "'நேரமாச்சு, வர்றியா?'ன்னு கேக்குது. பொம்மைங்க மாட்டேன்னு தலையாட்டும். நீங்களும் சேர்ந்து ஆட்டணும். ஆட்டாதவங்களுக்கு நான் பொறுப்பில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எப்போதும் சிரிப்பார்கள்.

அவளும் எப்போதும் அவர்களோடு தலையாட்டுவாள். அது கைவந்த பழக்கம். ஆனால் கோடையில் அவள் கணவன் வோயிட்டா இறந்துபோனான். அதன்பிறகு வீட்டில் ரேடியோதான் பேசுகிறது. அன்று காலை இரண்டு கோப்பைகளில் காபி ஊற்றி, ஒன்றைக் குடித்து முடித்த பிறகே இன்னொன்றைக் கவனித்தாள். அது ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. அதைக் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

மணி அடித்தது. கூட்டம் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டியது.

வர்றியா?

பிளாஷெனா களைத்திருந்தாள். ஆமாம் என்று தலையசைத்தாள்.

ஒரே ஒரு முறைதான். யாரும் பார்க்கவில்லை. மேலே கயிற்றை இழுத்த எலும்புக் கை மட்டும் ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி இழுத்ததுபோல இருந்தது. பழைய இயந்திரம், அப்படித்தான் இருக்கும் என்று குடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பாலத்தில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. இருபுறமும் கருத்துப்போன புனிதர் சிலைகள் வந்து வந்து மறைந்தன. ஆறு எங்கோ கீழே சளசளத்தது. பின்னால் காலடிகள், காமிரா சத்தங்கள், யாரோ ஒரு குழந்தையின் சிணுங்கல். அவற்றுக்கு நடுவே அப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

கூட்டத்தின் கடைசியில் சாம்பல் நிற ஓவர்கோட்டில் உயரமான ஓர் ஆள் நின்றார். புறப்பட்டபோது அவர் இல்லை. மற்றவர்கள் சிலைகளைப் பார்த்தார்கள். அவர் அவளையே பார்த்தார். எல்லோர் வாயிலிருந்தும் குளிரில் புகை வந்தது.

அவர் வாயிலிருந்து வரவில்லை.

பாலத்தின் மறுமுனையில் குடையை மடக்கினாள். நன்றி சொல்லிவிட்டுக் கூட்டம் கலைந்தது. அவர் மட்டும் போகவில்லை.

"சுத்திப் பாத்தாச்சுங்க," என்றாள். "இதுக்கு மேல காட்ட ஒண்ணுமில்ல."

"தெரியும்." கிசுகிசுப்புதான், ஆனால் காதுக்குள்ளேயே கேட்டது. "வர்றேன்னு சொன்னது நீங்கதானே?"

பிளாஷெனாவுக்கு அந்த நிமிடம் மகள் ஹனாவின் நினைவு வந்தது. ப்ர்னோ நகரத்தில் இருக்கிறாள், வசந்தத்தில் பிரசவம். நீ வந்தாத்தாம்மா எனக்குத் தைரியம் என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் போனில் சொல்லியிருந்தாள். பிளாஷெனாவுக்குச் சாக விருப்பமில்லை. அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

திரும்பி ஓடினாள். ஈரக் கற்களில் கால் வழுக்கியது. சதுக்கத்துக்குள் நுழையும்போதே அடுத்த மணிக்கான கயிறு இழுபட ஆரம்பித்துவிட்டது. யார் யாரையோ இடித்துத் தள்ளிக்கொண்டு கடிகாரத்தின் அடியில் போய் நின்று, தொப்பி கழன்று விழும்வரை தலையைக் குறுக்கே ஆட்டினாள்.

மாட்டேன்.

மாட்டேன்.

கடிகாரத்தின் உச்சியில் இருந்த தங்கச் சேவல் பொம்மை கூவி முடித்தது. திரும்பினாள். சாம்பல் கோட்டு எங்கும் இல்லை. ராடோவான்தான் அவள் தொப்பியை எடுத்துத் தூசி தட்டியபடி நின்றான்.

"இவ்வளவு வேகமா மாட்டேங்குறியே, யாராவது பொண்ணு கேட்டு வந்தானா?"

அவள் சிரித்தாள், கண்ணில் நீர் வழிய. பிழைத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அவனிடம் ஒரு பொட்டலம் செஸ்ட்நட் வாங்கிக்கொண்டு டிராமில் வீடு திரும்பினாள்.

வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போது போன் அடித்தது. ஹனா.

"வீட்டுக்கு வந்துட்டியாம்மா?"

"வந்துட்டேன்டி. வசந்தத்துல உங்கிட்ட கட்டாயம் வர்றேன், கேட்டியா? இப்பவே டிக்கெட் எடுத்துடுறேன்."

பேசிக்கொண்டே வீட்டுச் செருப்புக்குக் கையை நீட்டினாள். அவளுடையது அலமாரியில் இருந்தது. அடக்கம் முடிந்த நாளிலிருந்து யாரும் தொடாமல் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி கிடந்த வோயிட்டாவின் பழுப்புநிறச் செருப்பைக் காணவில்லை.

"அம்மா," என்றாள் ஹனா மெதுவாக. "அங்க யாரு நடக்குறது? அப்பா காலை இழுத்து இழுத்து நடப்பாரே, அதே மாதிரி கேக்குது."

பிளாஷெனாவுக்கும் கேட்டது. விளக்குப் போடாத சமையலறையிலிருந்து. அணைந்த மெழுகுவர்த்தியின் வாசனையும் வந்தது.

மாட்டேன் என்று தலையாட்டப் பார்த்தாள். கழுத்து குறுக்கே திரும்பவில்லை.

உள்ளே மேசைமேல் யாரோ ஒரு கோப்பையை வைத்தார்கள். பிறகு இன்னொன்றை.