ஏழாவது கருவி

பள்ளங்கிச் சரிவில் எங்கள் ஜீப் நின்றபோது மதியம் மூன்று மணி. அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஞானவேல் கையில் மாலையோடு இறங்கினான். முதலில் கண்காணிப்பு அறையிலிருக்கும் கணினித் திரைக்குச் சந்தனமும் மாலையும், பிறகுதான் வேலை. எங்கள் பொறியாளர்களின் வழக்கம் அது.

நிலச்சரிவை முன்கூட்டியே சொல்லும் ஏழு கருவிகளை இங்கே அமைத்தவன் அவன். விருதும் அவனுக்குத்தான். அவனுக்கு முன்பே அந்த ஆராய்ச்சியைத் தொடங்கிய ஆக்னல் நான், இப்போது அவனுக்கு உதவியாளன். வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

மூன்று மாதத்துக்கு முன் இங்கே காவலுக்கு இருந்த சின்னத்தாயி எனக்கு போன் செய்தாள்.

"தம்பி, மண்ணு உள்ளுக்குள்ள முனகுதுங்க. நான் வீட்டுக்குப் போயிரட்டா?"

திரை பச்சையாக இருந்தது; ஆபத்தில்லை என்று பொருள். திரை காட்டாததை நம்பக் கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் நான் அவளை நம்பினேன். ஞானவேலின் கருவி ஒருமுறையாவது தோற்கட்டுமே என்றுதான் இப்படிச் சொன்னேன்:

"பச்சைதாம்மா. அங்கயே இருங்க."

அன்றே சரிவு இடிந்து, ஏழாவது கருவியோடு அவளும் மண்ணுக்குள் போனாள். உடல் கிடைக்கவில்லை. தப்பு காவலாளுடையது என்று ஞானவேல் அறிக்கை எழுதினான். நானும் கையெழுத்துப் போட்டேன்.

இன்று திரையில் ஏழாவது கருவியின் கோடு அசைந்துகொண்டிருந்தது.

"பாத்தியா ஆக்னல்! மண்ணுக்குள்ள போயும் உசுரோட கெடக்கு!" திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அதைத் தோண்டியெடுக்கச் சரிவில் இறங்கினான். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கோடு ஏறியது. இறங்கியது.

தூங்குகிறவர் மூச்சு மாதிரி.

அறைக்குள் ஈரமண் வாசம். கூடவே அவள் போடும் சுக்குக்காப்பி வாசம்.

போன் அடித்தது. சின்னத்தாயி நம்பர்.

"தம்பி, மறுபடி முனகுதுங்க. அந்தத் தம்பிய வெரசா மேல வரச் சொல்லுங்க."

கதவைத் திறந்து கத்தினேன். "ஞானவேல், மேல வா!"

பனிக்குள்ளிருந்து சிரிப்பு. "ஸ்கிரீன்ல என்ன காட்டுது?"

சிவப்பு என்று ஒரு பொய் போதும், ஓடி வந்துவிடுவான். அவன் விருது வாங்கிய மேடை கண்ணுக்குள் வந்தது.

"பச்சை" என்றேன்.

"அப்புறம் என்ன!"

அடுத்த நொடி மலை இறங்கியது.

இப்போது அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சரிவில் மிச்சம் இருப்பவை ஆறு கருவிகள். திரையில் எட்டுக் கோடுகள். தினமும் மூன்று மணிக்கு சின்னத்தாயி நம்பரிலிருந்து போன் வருகிறது. குரல் மட்டும் ஞானவேலுடையது.

"ஆக்னல், ஸ்கிரீன்ல என்ன காட்டுது?"