பதினேழாம் சேனல்

பேருந்தில் ஏறியதும் டெல்ஃபின் காதுமடலுக்குப் பின்னால் விரலை வைத்து ஹாரனை ஒன்றுக்கு இறக்கினாள். நடத்துநரை நான்குக்கு ஏற்றினாள். பக்கத்து இருக்கைக்காரர் யாரிடமோ கையை வீசிப் பேசிக்கொண்டு வந்தார். அவர் பூஜ்யத்தில் இருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. துறைமுகச் சாலை திரும்பியபோது கடல் மெல்லக் கேட்டது. கடலை மட்டும் அவள் எப்போதும் இரண்டில் வைத்திருப்பாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

செவிச்சில்லு வந்து அறுபது வருடமாகிறது. பள்ளியில் சேர்க்கும் அன்றே பொருத்திவிடுவார்கள். நாம் பெயர் சொல்லிச் சேர்த்த குரல் கேட்கும், சேர்க்காதது கேட்காது. ஆபத்து ஒலிகளுக்கு மட்டும் விலக்கு. இதனால் ஊரில் சண்டை குறைந்தது என்று ஏழாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. அது பொய்யும் இல்லை.

அன்று மாலைக்குள் பள்ளிக்கு ஒரு கலவைப்பலகை தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஒலியியல் பாடமும் பாடகர் குழுவும் டெல்ஃபினின் பொறுப்பு. பழைய மிக்ஸர் கோடை விடுமுறையில் கண்ணை மூடிவிட்டது. இரண்டு நிறுவனங்கள் புதியவற்றை அனுப்பி, அரங்கில் அடுத்தடுத்து வைத்திருந்தன.

முதலாவதின் பெயர் ஆயிரஞ்செவி. மேடையின் முப்பது குரல்களையும் அரங்கிலுள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் விருப்பப்படி கலந்து, நேராகச் சில்லுக்கு அனுப்பும். தபலா மட்டும் எல்லோருக்கும் பொதுவாகப் போகும். பழையதும் இதே ஜாதிதான். இரண்டாவது, பொதுவழி. வகுப்புக்கென்றே செய்தது. ஒவ்வொரு மாணவரும் தன் பயிற்சியைத் தன் பெயரில் சேமிக்கலாம். புதிதாகக் கற்பவர்கள் கை வைக்கக் கூடாத பகுதியைப் பூட்டலாம். பாடுபவர் கையில் கொடுக்க ஆளுக்கொரு சிறு திரையும் உண்டு. ஆனால் அதிலிருந்து வருவது ஒரே ஒரு கலவை, ஸ்பீக்கர் வழியாக. கேட்பவர்கள் சில்லை அணைத்துவிட்டு உட்கார வேண்டும்.

"இதுல யோசிக்க என்ன டீச்சர் இருக்கு?" என்றார் தலைமையாசிரியர் சுயம்பு. "ஆண்டுவிழாவுக்குப் பெத்தவுக வாரது தம் பிள்ள குரலக் கேக்க. அடுத்தவன் பிள்ள மூக்கால பாடுததக் கேக்கவா வாராக?"

டெல்ஃபின் ஒரு தாளை நீட்டினாள். பழைய மிக்ஸரிலிருந்து மாணவர் பதிவுகளை எடுத்தபோது கண்ணில் பட்டது அது. சென்ற ஆண்டுவிழாவில் எந்தச் செவிக்கு எந்தக் குரல் எவ்வளவு போனது என்ற கணக்கு, குரலுக்கு ஒரு சேனலாக.

"பதினேழாம் சேனலப் பாருங்க சார்."

அவர் விரலால் வரிசையைத் தொட்டு இறங்கினார். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். அறுநூற்றுப் பதினோரு செவிகள்.

"மிஷின் கோளாறா?"

"இல்ல சார். அது வேலுக்கனி, விடுதிப் பிள்ள. அம்மா நடுக்கடல் காற்றாலையில வேல. நாலு மாசத்துக்கு ஒருதடவதான் கரைக்கு வருவாக. பேரச் சேக்க ஆளில்ல. நாலு வரி தனியாப் பாடுனா. சபை அப்ப வெறும் தபலாவக் கேட்டுக் கை தட்டியிருக்கு."

சுயம்பு தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "உங்க காதுல எவ்வளவு டீச்சர்?" என்று கேட்டார்.

சுருதி தவறும் பிள்ளைகளைத்தான் டெல்ஃபின் விழாவன்று ஏற்றி வைப்பாள். வேலுக்கனி தவறியதே கிடையாது.

"பூஜ்யம்."

அவர் குரல் தணிந்தது. "சரி, பொதுவழின்னே வைங்க. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சத்தம்னு யாரு முடிவு பண்ணுவா?"

"நான்தான்."

"அறுநூறு பேருக்கும் சேத்தா? நிக்சன் அப்பா வந்து, எம் பையன எதுக்கு அமுக்குனீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"



மூன்று மணிக்குத் தேர்வுக் குழு வந்தது. சுயம்பு, இரண்டு ஆசிரியர்கள், பெற்றோர் தரப்பில் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் நிக்சனின் அப்பா ஜெபமணி, படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். முதலில் ஆயிரஞ்செவி. பிள்ளைகள் பாடத் தொடங்கியதுமே ஜெபமணி கண்ணை மூடிக்கொண்டார். "பய என்னமா பாடுதான்!" என்று தொடையைத் தட்டினார். அடுத்த நாற்காலியில் இருந்த பெண்மணி அதே கணத்தில் தன் மகளுக்காகக் கண்ணைத் துடைத்தாள். இருவரும் ஒரே பாட்டில்தான் இருந்தார்கள். ஒரே இடத்தில் இல்லை.

டெல்ஃபின் இம்முறை ஒரே ஒரு பெயரைச் சேர்த்து, பத்துக்கு ஏற்றியிருந்தாள்.

வேலுக்கனியின் நான்கு வரிகள் வந்தன. ராகம் சொல்லிக்கொடுத்ததுதான். வார்த்தைகள் வேறு.

*அம்மா, புதன்கிழமை சாம்பாரு நல்லால்ல,*
*செருப்பு வாரு அந்துபோச்சு,*
*கணக்குல முப்பத்தெட்டு, திட்டாத,*
*நீ வரும்போது மழை பெய்யுமா.*

டெல்ஃபின் தேர்வுக் குழுவைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் தபலாவுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் அவள் மேடைக்குப் பின்னால் போனாள். வேலுக்கனி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்ன பாட்டு அது?"

பிள்ளைக்குப் புரையேறியது. "உங்களுக்குக் கேட்டுதா டீச்சர்?"

"போன வருசமும் இப்படித்தான் பாடுனியா?"

"அது வேற. அப்ப சாம்பாரு நல்லா இருந்துச்சு." வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஒருத்தருக்கும் கேக்காதுன்னு தெரியும் டீச்சர். பாடி முடிச்சா எல்லாரும் எல்லார்ட்டயும் நல்லாருந்துச்சும்பாக, எங்கிட்ட மட்டும் தபலா நல்லாருந்துச்சும்பாக. அதான் அந்த நாலு வரிய எனக்குன்னு வச்சுக்கிட்டேன்."

டெல்ஃபினுக்கு ஏனோ கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கதவைத் திறந்து ஒருத்தியைக் காப்பாற்றப் போனால், அவள் உள்ளே விளக்கேற்றி உட்கார்ந்திருக்கிறாள்.

"அடுத்த மிஷின்ல எல்லாருக்கும் கேக்குமாமே?"

"கேக்கும். நீ எத வேணும்னாலும் பாடு. பாடாமலும் இருக்கலாம்."

வேலுக்கனி சற்று யோசித்தாள். "எவ்வளவு கேக்கணும்ங்கிறத நானே வச்சுக்கிடலாமா?"

டெல்ஃபின் அவளையே பார்த்தாள். சில்லில் கேட்பவர் முடிவு செய்கிறார். பொதுவழியில் பலகையில் உட்காருபவர் முடிவு செய்வார் என்றுதான் அவளும் சுயம்புவும் நினைத்திருந்தார்கள். பாடுகிறவரை யாரும் கேட்கவில்லை. அந்தச் சிறு திரைகள் இன்னும் உறை பிரிக்காமல் பெட்டியிலேயே கிடந்தன.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தாள். அவரவர் குரலை ஏற்றி இறக்க அவரவர் ஃபேடர். பிள்ளைகளும் கேட்பவர்களும் சில்லை அணைத்தார்கள். அணைத்ததும் மின்விசிறியின் கடகடப்பு கேட்டது, வெளியே காகம், யாரோ விட்ட பெருமூச்சு. ஜெபமணி தன் இருமலைத் தானே திடுக்கிட்டுக் கேட்டார்.

பாட்டு தொடங்கியதும் முப்பது பிள்ளைகளும் முப்பது ஃபேடர்களை உச்சிக்குத் தள்ளினார்கள். ஸ்பீக்கர் ஊளையிட்டது. தேர்வுக் குழு காதைப் பொத்தியது. "லேய், இது பாட்டா, கப்பல் சங்கா?" என்று ஜெபமணி கத்தினார். பிள்ளைகள் சிரித்தார்கள். டெல்ஃபின் பலகையைத் தொடவில்லை. ஒருவன் தன்னைக் கொஞ்சம் இறக்கினான். பக்கத்தில் இருப்பவளின் குரல் தனக்குக் கேட்டதும் இன்னும் கொஞ்சம் இறக்கினான். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மூன்றாவது முயற்சியில் அது பாட்டானது. நிக்சன் அதற்குள் எங்கோ ஒரு குரலாக இருந்தான். ஜெபமணி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தபலா மட்டும் தொடர்ந்தது. வேலுக்கனி திரையில் விரலை வைத்தாள். பலகையில் பதினேழாம் ஃபேடர் தானாக நகர்ந்து, மூன்றைத் தாண்டாமல் நின்றது.

*அம்மா, புதன்கிழமை…*

சுயம்புவின் விரல் பழக்கத்தில் காதுக்குப் பின்னால் போனது, ஏற்றிப் பார்த்தது, சில்லு அணைந்திருந்தது. டெல்ஃபினின் கையும் பலகைக்கு மேலே போய் நின்றது. ஒரு விரலால் தள்ளினால் போதும். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஐந்து பேரும் முன்னால் சாய்ந்தார்கள். ஒரு குரலைக் கேட்க உடம்பை நகர்த்த வேண்டும் என்பது அவர்களில் யாருக்கும் தெரிந்த விஷயம் அல்ல. மூச்சை அடக்கிக்கொண்டார்கள். செருப்பு வார் வரியில் ஒருவர் லேசாகச் சிரித்தார். ஜெபமணி நாற்காலியை முன்னால் இழுத்தார். அது தரையில் கிறீச்சிட்டது. மூன்றாம் வரி அந்தச் சத்தத்தில் போய்விட்டது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாதி எழுந்தவாக்கில் அப்படியே உறைந்தார்.

பாட்டு முடிந்தது. சுயம்பு படிவத்தை எடுத்துப் பொதுவழிக்கு நேரே கையெழுத்துப் போட்டார். "புகார் வந்தா உங்க பேரத்தான் சொல்லுவேன், ஆமா," என்றார்.

"பிள்ள, உம் பேரு என்ன?" ஜெபமணி மேடையைப் பார்த்துக் கேட்டார். "சொல்லு, என் சில்லுல சேத்துக்கிடுதேன். ஒரு வரி போயிருச்சுல்லா."

"சேக்க வேண்டாம் மாமா," என்றாள் வேலுக்கனி. "இன்னொருக்க பாடுதேன். பக்கத்துல வந்து கேளுங்க."

ஜெபமணி நாற்காலியைத் தூக்கினார். சிறிதும் உரசாமல், தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிப்போய், மேடையோரம் வைத்து உட்கார்ந்தார்.