பொங்கலன்று தொலைந்த மூன்று கட்டிகள்

பொங்கல். காலை ஏழு மணி. நெய்வேலி ஊரே கரும்பும் கோலமுமாக இருக்க, சோதனைக்கூடத்தில் விஜயகுமாரி மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கான்கிரீட்டுக்கு ஏது லீவு? வார்த்த கட்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்று நசுக்கிப் பார்க்க வேண்டிய நாள் வந்தால் அன்றே நசுக்கியாக வேண்டும். நசுக்கக் கட்டிகளைத்தான் காணோம்!

"சிமெண்டைக் கொஞ்சம் குறைச்சு, கல் அறுக்குற பட்டறையில வீணாகிற தூளைச் சேர்த்து வார்த்தேன் சார். இறுகறதுக்காகத் தொட்டித் தண்ணியில ஊறின மூணு கட்டியும் போச்சு. இன்னிக்கு முடிவு காட்டலேன்னா தூளை அள்ளிக் கொட்டச் சொல்லிட்டார் பெரிய இன்ஜினியர்."

புகார் கேட்டு வந்த சப்-இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கம் தொட்டியை எட்டிப் பார்த்தார். வெறும் சிமெண்டில் வார்த்த சாம்பல் நிறக் கட்டிகள் அப்படியே கிடந்தன.

"உங்க கட்டி என்ன நிறம்?"

"கொஞ்சம் வெள்ளையா இருக்கும்."

"பூட்டு?"

"உடையலை. என்கிட்ட ஒரு சாவி, வாட்ச்மேன் கண்ணையன்கிட்ட ஒண்ணு."

"சந்தேகம்?"

"சிமெண்ட் கான்ட்ராக்டர் சின்னதுரை. இது ஜெயிச்சா அவர் வியாபாரம் படுத்துடுமே!"

"அவரா இருந்தா இங்கயே உடைச்சுப் போட்டிருப்பார். சுமந்துகிட்டுப் போனவனுக்கு அது எதுக்கோ உதவணும்."

பின்சுவர் ஓரம் போகிச் சாம்பல். பக்கத்தில் கரி பிடித்த மூன்று செங்கல். சங்கரலிங்கம் சிரித்துவிட்டார்.

"ஓடி வாம்மா! கண்ணையன் வீட்டுக்கு!"

வீடு சோதனைக்கூடத்துக்குப் பின்னால்தான். வாசலில் மூன்று வெள்ளைக் கட்டிகள், மேலே பானை, கீழே தீ.

"ஐயோ, என் கட்டி!" விஜயகுமாரி பாய்ந்தாள்.

கண்ணையன் மனைவி சின்னம்மாள் கரண்டியோடு குறுக்கே நின்றாள். "பொங்கறதுக்கு முன்ன பானைய எறக்குவாங்களா? நல்லாருக்கே ஞாயம்!"

"போகிக்குப் பழைய அடுப்புக்கல்லை எறிஞ்சவனுக்குப் பொங்கலுக்குப் புதுக்கல் மூணு வேணும். என்ன கண்ணையா?" என்றார் சங்கரலிங்கம்.

கண்ணையன் தலையைச் சொறிந்தான். "தண்ணியில சும்மா ஊறிகினு கெடந்துச்சுங்க ஐயா. யாருக்கும் வேணாம்போலன்னு நெனச்சேன். வெள்ளையா, அம்சமா இருந்துச்சு."

விஜயகுமாரிக்கு அழுகையே வந்துவிட்டது. பானை பொங்கும்வரை காத்திருந்தாள். "பொங்கலோ பொங்கல்!" என்று எல்லாரும் கத்தியபோது அவள் வாயிலிருந்தும் அதுவே வந்தது.

கட்டிகள் ஆறியதும் நசுக்கும் மெஷினில் ஏறின. முள் நகர்ந்தது. வேண்டிய அளவைத் தொட்டது, தாண்டியது, இன்னும் போனது! மூன்றும் அப்படித்தான்.

"தீயில வெந்துமா இவ்வளவு?" முடிவு பார்க்க வந்த பெரிய இன்ஜினியர் கையிலிருந்த சர்க்கரைப் பொங்கலை மறந்தார். "தூளைக் கொட்டாதீங்க. இன்னும் வரவழைங்க."

விஜயகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ வர்ற பொங்கலுக்கும் மூணு சேத்து வாத்துடும்மா," என்றாள் பொங்கல் கொண்டுவந்த சின்னம்மாள். "அடுப்பு ஆடவே இல்ல!"