மரியாவுக்கு முகமில்லை

1998 ஜூன் மழையில், மைசூரின் ஒரு பழைய சிற்றாலயத்து வாசலில் அக்காளும் தங்கையும் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். நனையாமலிருக்கக் கம்ப்யூட்டருக்குப் போர்வை போர்த்தியிருந்தார்கள். உள்ளே ஈரச் சுண்ணாம்பும் பழைய மெழுகும் கலந்த வாடை அடித்தது.

பீடத்துச் சுவரில் பெத்தானியா வீட்டுச் சித்திரம். இயேசுவின் காலடியில் மரியா உட்கார்ந்திருந்தாள். அவள் அக்காள் மார்த்தா குடத்தோடு பின்னால் நின்றாள். ஓதம் ஏறிச் சுவர் உதிர்ந்திருந்தது. மரியாவுக்கு முகமே இல்லை. சுவரைப் படமெடுத்து ஸ்கேன் செய்து, அழிந்த இடங்களைக் கம்ப்யூட்டரில் நிரப்பித் தரும்படி மதலைமுத்து சாமியார் கேட்டிருந்தார்.

கேட்டது தங்கை மோலியிடம். அவள் கம்ப்யூட்டர் கற்று ஆறு மாதம்தான் ஆகிறது. சிறு வயதிலிருந்தே படம் வரைபவள் அக்காள் ஜூலி. சாமியார் காப்பி கொண்டுவரும்போதெல்லாம் மோலியை மெச்சுவார், ஜூலியிடம் டம்ளரைக் கழுவச் சொல்வார். ஜூலிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

மூன்று நாள் உழைத்து மோலி அந்த முகத்தை வரைந்து முடித்தாள். அவள் சாப்பிடப் போன நேரத்தில் ஜூலி முகத்தை மட்டும் அழித்துச் சேமித்துவிட்டாள். மோலி கம்ப்யூட்டரைத் திட்டினாள், அழுதாள், மறுபடி வரைந்தாள்.

மறுநாள் காலை அதுவும் இல்லை.

இந்த முறை ஜூலி தொடவேயில்லை.

திரையில் முகம் இருந்த இடத்தில் நான்கு கீறல்கள், நெற்றியிலிருந்து தாடை வரை. ஜூலி பீடத்துக்கு ஓடினாள். சுவரிலும் அதே நான்கு. இது ஓதம் தின்றதல்ல, நகத்தால் பிறாண்டியது. குடம் பிடித்த மார்த்தாவின் கையை உற்றுப் பார்த்தாள். நகக்கண்களில் முகச் சாயத்தின் இளஞ்சிவப்பு படிந்திருந்தது.

வெகு நேரம் கழித்து, கம்ப்யூட்டர் இருந்த பக்கத்து அறைக்கு ஜூலி திரும்பியபோது மோலி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இனி வரைய என்னால ஆகாதுக்கா. என் போட்டோவையே ஸ்கேன் பண்ணி மரியாவுக்கு வச்சுட்டேன்."

ஜூலி திரையைக் காட்டினாள்.

"எடுத்துடு மோலி. மொதல்ல அழிச்சது நான்தான். ரெண்டாவது நான் இல்ல."

"சும்னே பொய் சொல்லாதேக்கா. ரெண்டும் நீதான். உனக்குப் பொறாமை."

மோலி கண்ணைத் துடைத்தபடி வெளியே போய்விட்டாள்.

சுவர்ப் பக்கம் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

ஜூலி நாற்காலியில் பாய்ந்து உட்கார்ந்தாள். தங்கையின் முகத்தை அழிப்பதற்காக மவுஸை நகர்த்தினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் மோலிக்காக ஒன்று செய்யப் பார்த்தாள்.

வெளியே மோலி அலறினாள்.

கன்னத்தைப் பொத்திக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றாள். விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது.

"ஏன்க்கா பிறாண்டுன?"

ஜூலி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவேயில்லை. திறந்திருந்த கதவு வழியாகச் சுவரைப் பார்த்தாள். மார்த்தாவின் நகங்கள் இப்போது சுத்தமாக இருந்தன.

பிறகு மவுஸின் மேலிருந்த தன் விரல்களைப் பார்த்தாள். நகங்களுக்குள் சுண்ணாம்பும் ஈர ரத்தமும் இருந்தன.